புதுப்பிப்பு: தங்கையின் ஏ லெவல் உளவியல் தேர்வு

ஆய்வுகளின் எண்கள் தங்கைக்கு ஒன்றோடொன்று குழம்புகின்றன, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன் அல்லவா, சிலர் சொன்னபடி புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னேன், பலன் தெரிகிறது. பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் முடிந்து எல்ஆர்டி ரயிலில் வரும்போதே ஒப்பிக்கிறாள்: மில்கிராம் 1963 (கட்டளையிட்டால் இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி, அதாவது ஷாக், கொடுப்பார்களா என்ற ஆய்வு), 40 ஆண்கள், 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள், அதாவது 65 சதவீதம் (ஷாக் பொய், கொடுத்தவர்களின் நடுக்கம் நிஜம்). பண்டூரா 1961 (பெரியவர்களின் முரட்டுத்தனத்தைப் பார்த்துப் பிள்ளைகளும் அப்படியே செய்வார்களா என்ற ஆய்வு), 72 பிள்ளைகள், பாதிப் பேர் பெண்கள்.

ஆனால் எண் மட்டும் போதாது. மில்கிராமிடம் வந்தவர்கள் எல்லாரும் நியூ ஹேவன் வட்டார ஆண்கள், அந்த முடிவைப் பினாங்குப் பாட்டிக்குப் பொருத்தலாமா என்று வாதாடத் தெரிய வேண்டும். அங்கேதான் இன்னும் திணறுகிறாள். அப்புறம், ஆய்வு முறைகளுக்குப் பழைய வினாத்தாள் வைத்திருப்பவர்கள் சொல்லுங்களேன்.