திருநங்கையர் எழுதிய புத்தகங்கள்: உங்கள் கைக்கு வந்த கதையைச் சொல்லுங்கள்

ராசிபுரம் வாசகி:

திருநங்கை அ. ரேவதி தன் வாழ்க்கையை எழுதிய ‘வெள்ளை மொழி’யை ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கினேன். கடைக்காரர் “இவங்க நாமக்கல் பக்கங்க” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வாங்கினேன்.

தம்பி என்று நாங்கள் வளர்த்த பிள்ளை பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போனது. மார்கழியில் எனக்கு முன்னால் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடும். அதற்கே அப்பாவிடம் அடி. பெரியண்ணன் போட்டு அடித்த அன்று நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குறுக்கே போகவில்லை.

அ. ரேவதி தான் பட்ட அடியை எழுதியிருக்கிறார். நான் அதை அடித்த வீட்டு ஆளாக வாசித்தேன். அண்ணன் கிரிக்கெட் மட்டையை எடுக்கும் இடத்தில், பக்கத்தில் வேறு யார் நின்றார்கள் என்றுதான் என் கண் தேடியது. அன்று இரவு தூக்கமில்லை. இன்னொரு வருத்தமும் உண்டு. தமிழில் எழுதிய இந்த வாழ்க்கை, வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 2010இல் முதலில் வந்து, அடுத்த ஆண்டுதான் தமிழில் வந்தது. ஒரு மணி நேர பஸ் தூரத்தில் நடந்த கதை நமக்கு வந்து சேர்ந்த வழி அது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மத்தியான வேளையில் வாசித்துக் காட்டினேன். மாரியம்மன் திருவிழாவில் குறத்தி வேஷம் கட்டி ஆடும் பகுதி வந்ததும் “நம்மூரு நோம்பியாட்டவே இருக்குதே” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அடிக்கும் இடம் வந்தது. “போதும் கண்ணு, மூடி வை” என்றார். மூடி வைத்தேன். அரிசி புடைத்துக்கொண்டே ரொம்ப நேரம் கழித்து, “அது இப்ப எங்க இருக்குதோ” என்று கேட்டார்.

நாங்கள் இருவரும் போனில் பேசிக்கொள்வதை அம்மாவிடம் நான் அதுவரை சொன்னதில்லை. “தங்கச்சி சேலத்துல இருக்குதும்மா” என்றேன். அம்மா அந்தச் சொல்லைத் திருத்தவில்லை.

பொள்ளாச்சி ஆசிரியை:

கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். முதலில் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ நாவலைக் கொடுத்தேன். சுயம்பு என்ற பையன் மேகலை என்ற திருநங்கையாகிற கதை. அக்கறையோடு எழுதியதுதான், ஆனால் வெளியிலிருந்து பார்த்து எழுதியது. அப்புறம் 2007இல் வந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’வைக் கொடுத்தபோதுதான் வகுப்பு பேச ஆரம்பித்தது. மொழியியலில் முதுகலை படித்தவர் ரயிலில் கை நீட்டுகிறார். “இத்தன படிச்சும் ஏனுங் மேடம்?” என்று ஒரு பையன் கேட்டான். நான் பதில் தேடுவதற்குள் கடைசி வரிசைப் பெண் சொன்னாள்: “சர்டிபிகேட்ல வேற பேரு இருக்குமில்ல.” அந்தப் பெண் அதுவரை வகுப்பில் வாய் திறந்தவளே இல்லை. கவிஞர் கல்கி சுப்ரமணியம் நம் ஊர்க்காரர் என்று சொன்னதும், பாதிப் பேர் அன்றே அவர் கவிதைகளைத் தேடிப் போனார்கள்.

திருப்பூர் வாசகி:

நான் திருநங்கை. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். மேலே சொன்ன எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். ரேவதி எங்களைப் போன்றவர்களின் கதைகளைத் தொகுத்த ‘உணர்வும் உருவமும்’ முதலில் கைக்கு வந்தபோது திருநங்கை என்ற சொல் இந்த அளவுக்குப் புழங்கவில்லை, அரவாணி என்பார்கள். நம்மைப் பற்றி நம்மவரே எழுதலாம் என்பதே எனக்கு அன்று பெரிய செய்தி.

ஒன்று மட்டும் மனதில் கிடக்கிறது. இந்தப் புத்தகங்களை இரவல் வாங்கும் பலர், நேராக, நாங்கள் நிர்வாணம் என்று சொல்லும் பால்மாற்று அறுவை சிகிச்சைப் பக்கத்துக்குத்தான் போகிறார்கள். திரும்பி வரும் புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் மடங்கியிருக்கும். குருவாக இருக்கும் மூத்த திருநங்கை, தான் மகளாக ஏற்றவளுக்குச் சோறு ஊட்டும் பக்கம் மடங்கி வந்து நான் பார்த்ததில்லை. காலையில் கம்பெனி பஸ் பிடித்து, பீஸ் எண்ணி, சனிக்கிழமை சம்பளம் வாங்கி, வழியில் மல்லிகைப்பூ வாங்கி வீட்டுக்கு வருகிற ஒருத்தியின் கதையும் எனக்கு வேண்டும். நானே நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன், இதுவரை நாற்பது பக்கம்.

ராசிபுரம் அக்கா, அம்மா நிறுத்தச் சொன்ன இடத்தோடு அந்தப் புத்தகம் முடியவில்லை. அத்தனைக்கும் பிறகு ரேவதி அந்த வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வருகிறார். அதையும் வாசித்துக் காட்டுங்கள்.

ராசிபுரம் வாசகி:

சரிங்க தங்கச்சி. நேற்று வாசிக்க உட்கார்ந்தேன். “இரு, அதுவும் வரட்டும், சேர்ந்து கேக்கலாம்” என்று அம்மா சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சேலத்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம்.