மன்றத்தில் நம்ம தெரு பெயர் வந்த நாள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேப்பமரத்தடி:

ஆறு மாதம் ஓடிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. ஊர் பெயர் வேண்டாம். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ் போகிற தூரம்தான்.

எங்கள் லேஅவுட்டில் பொது உபயோகத்துக்கு என்று ஒதுக்கிய திறந்தவெளி, ஓஎஸ்ஆர் என்பார்கள், முப்பது சென்ட் இருக்கிறது. பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஒரு வேப்பமரம், அதன் அடியில் நாங்களே காசு போட்டு வைத்த இரண்டு சிமெண்ட் பெஞ்சு. அங்கே குப்பையை உரமாக்கும் கூடம் வரப்போகிறது, கவுன்சிலர்கள் கூடும் மன்றத்தில் பொருளாக வைத்திருக்கிறார்கள் என்று முந்தின நாள் ராத்திரிதான் தெரிந்தது. காலையில் நாலு பேர் போனோம். கதவோரம் நிருபர்களுக்குப் பின்னால் நிற்க இடம் கிடைத்தது.

கூட்டம் தொடங்கியதுமே குடிநீர்ப் பிரச்சினை. பத்து நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வருகிறது என்று ஒரு மணி நேரம் சத்தம். கடைசியில் ஒரு தரப்பு வெளிநடப்பு செய்தது. அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அவர்கள் வாசலைத் தாண்டின கையோடு "ஆல் பாஸ், ஆல் பாஸ்" என்று, அதாவது எல்லாத் தீர்மானமும் நிறைவேறியது என்று, நாலைந்து குரல். மேஜையைத் தட்டினார்கள்.

எங்களுடையது 31-ஆவது பொருள். தீர்மானக் கட்டை வைத்திருந்த எழுத்தர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டி, டிக் போட்டுக்கொண்டே போனார். எங்கள் பக்கம் முன் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஊதிப் பிரித்தார், டிக் போட்டார், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். எங்கள் தெருவின் பெயரை யாரும் வாய்விட்டு வாசிக்கக்கூட இல்லை. அந்த ஊதலின் சத்தம்தான் இன்னமும் காதில் இருக்கிறது.

குழித்தறி:

என்னுடையது மன்றத்துக்குள் நடந்தது இல்லை, ஆனால் அங்கிருந்து வந்ததுதான். 2022-இல் சொத்து வரிச் சீராய்வு வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வீடு 600 சதுர அடிக்குள் என்றால் 25 சதவீதம் ஏறும், 601-லிருந்து 1200 வரை 50 சதவீதம்.

அம்மாபேட்டையில் எங்கள் வீடு அறுநூறுக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் பின்னால் தறி போட்ட சாய்ப்பு ஒன்று உண்டு. அளக்க வந்தவர் நல்ல மனுஷர். தறியில் அன்றைக்குத்தான் புதுப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஏற்றியிருந்தோம், வெண்பட்டு. டேப்பைப் பாவு மேல் போடாமல், மண்டி போட்டு, தறிக்குழிக்குள் கையை விட்டு அடியில் இழுத்தார். எங்கள் அம்மா அந்தப் பக்கம் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது. சாய்ப்பையும் சேர்த்தால் அறுநூற்று நாற்பது. எண்ணைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது தறியா, ரூமா?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா, "எங்களுக்கு ரெண்டும் அதுதான் சாமி" என்றது.

அவர் எழுதியது சரிதான், கூரை இருந்தால் அளக்கத்தான் வேண்டும். ஆனால் அம்மா அந்த நுனியை விட மனசில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றது எனக்கு மறக்கவில்லை.

கவுன்சிலர் வீட்டுப் பெண்:

வேப்பமரத்தடி அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் "ஆல் பாஸ்" சொல்கிறவர்கள் எல்லாரும் படிக்காமல் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் அம்மா 1996-இல் ஜெயித்த கவுன்சிலர். நகராட்சியாக இருந்த சேலம் 1994-இல் மாநகராட்சி ஆனபிறகு நடந்த முதல் தேர்தல், 60 வார்டு. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கியதால்தான் அம்மா நிற்கவே முடிந்தது.

அஜெண்டா கட்டு ராத்திரி வரும். சாப்பாட்டுக் கடை முடித்துவிட்டு அம்மா அதை விரித்து உட்காரும். "ஒப்பந்தப்புள்ளி", "பின்னேற்பு" என்று வாயில் நுழையாத வார்த்தைகள். நான் எட்டாவது படித்தேன், நான்தான் வாசித்துச் சொல்வேன். வேலையை முடித்துவிட்டு அப்புறம் ஒப்புதல் கேட்பதுதான் பின்னேற்பு என்று அம்மாவுக்குப் புரிந்த ராத்திரி, "அப்போ நான் வேண்டாம்னா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை.

தாத்தாவுக்கு அம்மா அங்கே உட்கார்ந்ததில் அவ்வளவு பெருமை. "ராஜாஜி 1917-லேர்ந்து ரெண்டு வருஷம் சேர்மனா இருந்த ஊரும்மா இது. நம்ம ஊரு காங்கிரஸ் தலைவர் விஜயராகவாச்சாரியாரை கவுன்சிலை விட்டு நீக்கினப்போ அவர் சும்மா போகல, கோர்ட்டுக்குப் போயி ஜெயிச்சு வந்தாரு" என்று சொல்லிச் சொல்லி அனுப்புவார்.

முதல் தடவை அம்மா பேச எழுந்தபோது கையில் இருந்த தாள் படபடவென்று ஆடியதாம், குரல் வரவில்லையாம். எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், வேறு கட்சிக்காரர், "நிதானமா சொல்லும்மா, கேக்கறோம்" என்றாராம். சாக்கடைப் பாலம் ஒன்றுக்காக எழுந்தது. பாலம் வந்தது. அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் நான் எட்டிப் பார்க்காமல் இருந்ததில்லை.

ஓய்வூதியர்:

என் கதை சின்னது. அப்பா இறந்து பதினோரு வருஷம் கழித்து வீட்டு வரிப் பெயரை மாற்றப் போனேன். ரசீதில் இருந்தது அப்பா பெயர்கூட இல்லை, தாத்தா பெயர். அறுபது வருஷமாக இறந்தவர் பெயரில் கட்டியிருக்கிறோம். கவுண்டரில் இருந்த பெண் "இவர் உங்களுக்கு யாருங்க?" என்று கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதனால் சொல்கிறேன், எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கே ரசீதை எடுத்துப் பெயரைப் பாருங்கள். கிரயப் பத்திரம் என்றால் வில்லங்கச் சான்றோடு கொடுங்கள், பரம்பரைச் சொத்து என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். வரி ரசீது இருந்தால் வீடு நம்முடையது என்று ஆகிவிடாது, அது கட்டின காசுக்கு மட்டும்தான் சாட்சி. பட்டா வேறு, பத்திரம் வேறு. அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 30-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய்.

குழித்தறி தம்பி, அளவு பற்றி எழுத்தில் மனு கொடுத்தீர்களா? வாயால் சொன்னது நிற்காது. ஒப்புகை வாங்குங்கள்.

வேப்பமரத்தடி, நீங்கள் போனது கடைசி நாள். அதுதான் தவறு. 10,000 சதுர மீட்டருக்கு மேல் போட்ட மனைப்பிரிவு என்றால் பத்து சதவீத இடத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். முதலில் அந்தப் பத்திரத்தைத் தேடுங்கள். பூங்கா, விளையாட்டு என்று ஒதுக்கிய இடத்தை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் பல வழக்கில் சொல்லியிருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தீர்மான நகல் கேளுங்கள், முப்பது நாளில் பதில் வர வேண்டும். அப்புறம் பகுதி சபா என்று ஒன்று இருக்கிறது, கிராம சபை மாதிரி நகரத்தில் வார்டு மக்கள் கூடிப் பேசுவது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்றுதான் நகரங்களில் முதன்முதலாக நடந்தது. அதற்கு எத்தனை பேர் போனீர்கள்?

ஏற்காடு மேலே:

எங்களுக்கு மன்றம் கிடையாது, ஊராட்சிதான். ஒரு ஆகஸ்ட் 15 கிராம சபை. மூடுபனி, பக்கத்து நாற்காலிக்காரர் முகம்கூடத் தெரியவில்லை. ஊற்றுத் தண்ணீர் வரும் குழாயை எந்தப் பக்கம் போடுவது என்று பேச்சு. ஒரு ஆயா எழுந்து, "எங்க காபித் தோட்டத்து வரப்பு வழியா வேண்டாம், சுடுகாட்டுப் பாதை வழியா போடுங்க" என்றது. எழுதினவர் அதை அப்படியே எழுதி, எழுந்து நின்று சத்தமாக வாசித்து, "இதுதானே ஆயா சொன்னீங்க?" என்று கேட்டு, அப்புறம்தான் கைநாட்டு வாங்கினார்.

31-ஆவது பொருளைப் படித்ததும் அந்தக் குரல்தான் நினைவுக்கு வந்தது.

குழித்தறி:

ஓய்வூதியர் ஐயா, மனு கொடுத்தோம், ஒப்புகையும் இருக்கிறது. நான் வரி குறையவில்லை என்று எழுதவில்லை. அம்மா நின்றதைத்தான் எழுதினேன்.

ஓய்வூதியர்:

சரி தம்பி. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு யாரும் சொல்லாததால் சொன்னேன்.

வேப்பமரத்தடி:

எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி, உங்கள் அம்மா மாதிரி ஒருவர் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. குப்பைக்கு இடம் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் குப்பையும் எங்கேயோ ஒரு தெருவில்தான் கொட்டப்படுகிறது. அந்தத் தெருக்காரர்களையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எங்களைக் கேட்டிருந்தால் லேஅவுட்டுக்கு வெளியே ரோட்டோரம் இருக்கும் பொறம்போக்கைக் காட்டியிருப்போம்.

தீர்மான நகல் வாங்கிவிட்டேன். மூன்று வரி. சர்வே எண் இருக்கிறது, பரப்பு இருக்கிறது, "காலியிடம்" என்று எழுதியிருக்கிறது. மரமும் பெஞ்சும் அதில் இல்லை. இன்னும் வேலை தொடங்கவில்லை, பையன்கள் சாயங்காலம் ஆடத்தான் செய்கிறார்கள். தானப் பத்திரம் பழையது, கணினியில் வரவில்லை. கையால் எழுதின பழைய பத்திரத்துக்கு நகல் வாங்கினவர்கள் யாராவது இருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை போகிறேன்.