பதில்: நுரையீரலில் இருப்பது ஏற்பியா, உணர்நுனியா?

வணக்கம் ஐயா,

நம் கலைச்சொல் தொகுப்பில் நுரையீரலின் ‘receptor’களுக்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில், ‘ஏற்பி’ பாடநூலிலேயே இருக்கிறது, அதுவே போதும் என்று எழுதியிருந்தீர்கள். நுரையீரலுக்கு அது போதாதுங்க.

இங்கே நாம் பேசுவது மூளையையும் நுரையீரலையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் நுனிகளைப் பற்றி. மூச்சுக்குழாய்ச் சுவரிலும் காற்றறைகளின் ஓரத்திலும் இருந்துகொண்டு, நுரையீரல் எவ்வளவு விரிந்தது, உள்ளே என்ன புகுந்தது என்று மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சொல்பவை அவை. அவற்றில் சிலவற்றின் சவ்வில் டிஆர்பிவி1 என்ற புரதம் இருக்கிறது. மிளகாயின் காப்சைசின் வந்து ஒட்டுவது அதில்தான். ஏற்பி என்ற சொல் அந்தப் புரதத்துக்கு வேண்டும். நுனியையும் ஏற்பி என்றால் ‘ஏற்பியில் உள்ள ஏற்பி’ என்று எழுத நேரும்; படிக்கிற பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.

அதனால் நுனிக்கு ‘உணர்நுனி’ என்று வைக்கலாம். நுரையீரல் விரிந்ததும் உள்மூச்சு அடங்குகிறது, வேகஸை வெட்டினால் அந்தத் தடை போய்விடுகிறது என்று உடலியலாளர்கள் ஹெரிங்கும் புரோயரும் 1868இல் காட்டினார்களே, அது விரிவு உணர்நுனியின் வேலை. நம் நாட்டு உடலியலாளர் பைந்தால் ‘ஜே’ என்று பெயரிட்டவை தந்துகியோர உணர்நுனிகள், அதாவது நுண்ணிய இரத்தக் குழாய்களின் ஓரத்தில் இருப்பவை. நுரையீரலில் நீர் கோத்தால் மேல்மூச்சு வாங்க வைப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு.

புகை, தூசி, கார நெடி பட்டதும் இருமலை எழுப்பும் நுனிகளுக்கு ‘உறுத்தல்’ என்று ஒருவர் முன்மொழிந்தார். செருப்பில் கல் இருந்தாலும் உறுத்தும். கமறல் தொண்டைக்கும் மூச்சுக்கும் உரியது. மிளகாய் வறுத்தால் வீடே கமறும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் தூசி கிளம்பினாலும் கமறும். ‘கமறல் உணர்நுனி’ என்றே வைப்போம். பேச்சுச் சொல் அறிவியலுக்கு ஆகாது என்பதை நான் ஏற்கவில்லை. இருமல், தும்மல், விக்கல் எல்லாம் எங்கிருந்து வந்தன? பல்லடத்து நூற்பாலைத் தொழிலாளியிடம் “கமறுதுங்களா?” என்று கேட்டால் மருத்துவருக்கு உடனே பதில் கிடைக்கும்.

அப்புறம், இந்த உணர்நுனிகளில் ஒருவகை, தூண்டல் நீடித்தாலும் சீக்கிரம் அடங்கிவிடும். அதை ‘விரைந்து தகவமையும்’ என்று எழுத வேண்டாம். தகவமைப்பு என்றாலே பரிணாமம்தான் நினைவுக்கு வரும். ‘சட்டென ஓயும்’ என்பது தெளிவு. நுரையீரல் விரிந்திருக்கும் வரை செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும் விரிவு உணர்நுனி ‘மெல்ல ஓயும்’ வகை.

‘அனிச்சைச் செயல்’ பள்ளியிலேயே பழகிய சொல், அது அப்படியே இருக்கட்டும். மறுப்பு இருந்தால் தொகுப்பில் ஏற்றும் முன் சொல்லுங்க.