டைம் மெஷினும் எங்கள் வீட்டுப் பாழுங்கிணறும்

வெளிநாட்டுக் கதைகளைக் குழந்தைகளுக்குத் தமிழில் சொல்லும்போது எதைச் சொல்வது, எதை விடுவது? மூன்று வீடுகளின் அனுபவம் இது.

காரிமங்கலத்திலிருந்து ஓர் அப்பா:
மகளுக்கு ஆறு வயது. காலத்தில் ஓடும் வண்டி என்றால் எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்காது என்று நினைத்து, எச்.ஜி. வெல்ஸ் 1895இல் எழுதிய 'டைம் மெஷின்' கதையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். வண்டி போய் நின்ற வருஷம் 802701 என்றதும், "எட்டு லட்சமாப்பா?" என்று வாயைப் பிளந்தாள். மறுநாள் இரவு மார்லாக்குகள் வந்தன. தரைக்கடியில் இருட்டிலேயே வாழ்ந்து, ராத்திரியில் கிணறு வழியாக ஏறிவந்து ஆட்களைப் பிடித்துத் தின்பவை. அவசரத்தில் அதையும் சொல்லித் தொலைத்துவிட்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாழுங்கிணறு இருக்கிறது. அப்புறம் என்ன, பத்து நாள் பாத்ரூமுக்கு நான்தான் காவல். காலேஜில் படித்த கதை. மறுபடி ஒருமுறை புரட்டியிருக்கலாம்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓர் அம்மா:
நாங்கள் எடுத்தது 'குட்டி இளவரசன்'. செந்த்-எக்சுபெரி 1943இல் எழுதியது. பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்து க்ரியா பதிப்பகம் வெளியிட்டது. அதில் கதை சொல்பவர் சின்ன வயதில் வரைந்த முதல் படம் பார்க்கத் தொப்பி மாதிரி இருக்கும், உண்மையில் யானையை விழுங்கிய மலைப்பாம்பு. என் ஏழு வயதுப் பையன் அங்கேயே நின்றுவிட்டான். "நம்ம ராகிக் கொல்லையில வந்துச்சே, அந்த யானை எப்படிம்மா பாம்புக்குள்ள போவும்?" யானையைப் பக்கத்தில் பார்த்த பிள்ளை, சும்மா விடுவானா? நான்கு தாளை ஒட்டி, அதற்கேற்ற பாம்பை வரைந்த பிறகுதான் இரண்டாம் பக்கம் போக விட்டான்.

கடைசியில், வேறு கிரகத்திலிருந்து வந்த அந்த இளவரசனைப் பாம்பு கடிக்கும் இடத்தில்தான் எனக்குப் பயம். "செத்துட்டானா?" என்றான். விடிந்து பார்த்தபோது உடம்பு அங்கே இல்லை என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே படித்தேன். "அப்ப ஊருக்குப் போய்ட்டான்" என்று போர்வையை இழுத்துக்கொண்டான். சோகமான முடிவென்று நானாக ஒதுக்கியிருந்தால் இது கிடைத்திருக்காது. காரிமங்கலத்துக்காரர் சொன்ன கிணறு வேறு கதை. அது வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறது.

பென்னாகரத்திலிருந்து ஒரு தாத்தா:
பேத்திக்கு எட்டு வயது. ஜூல்ஸ் வெர்னின் நீர்மூழ்கிக் கப்பல் கதை, 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்'. பக்கம் பக்கமாக வரும் மீன் பெயர்களைத் தாண்டிவிடுங்கள், ஒரு பாவமும் இல்லை. தலைப்பில் இருக்கும் இருபதாயிரம் லீக், ஆழமில்லை. கடலுக்கடியில் போன தூரம். லீக் என்பது பழைய தூர அளவு. ஒரு லீக்குக்கு 4 கிலோமீட்டர் என்றால் 80,000 கிலோமீட்டர், பூமியை இரண்டு சுற்று. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவே ஒரு சாயங்காலம் போனது. அந்தக் கப்பலின் தலைவர் கேப்டன் நீமோ, மத்திய இந்தியாவின் புந்தேல்கண்ட் இளவரசன் என்பது வெர்னின் பிந்தைய நாவலில்தான் தெரியவரும். நான் முன்னாலேயே போட்டு உடைத்தேன். "நம்ம நாட்டாளா!" என்று எழுந்து உட்கார்ந்தாள்.

போன ஞாயிறு ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியதும் கேட்டாள்: "அண்ணா, இது தண்ணிக்குள்ள போவுமா?"

பரிசல்காரர் துடுப்பை நிறுத்தவே இல்லை. "போவும் பாப்பா. வர்றதுதான் கஷ்டம்."