இன ஒருங்கிணைப்புக் கொள்கையும் அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவும்

செங்காங் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் சமூக மன்றத்தில் வீடமைப்பைப் பற்றிய கலந்துரையாடல் ஒன்றை வழிநடத்த இருக்கிறேன். மதம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாக வைத்துக் குடிமக்களிடம் பாகுபாடு காட்டலாகாது என்கிறது சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. சொத்து வாங்கி விற்பது தொடர்பான சட்டத்தை நிர்வகிப்பதையும் அது வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. அப்படியிருக்க, 1989 முதல் நடப்பில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்கீழ், இந்தியர்க்கும் பிற இனத்தவர்க்கும் சேர்த்து, ஒரு பேட்டையின் பொது வீடுகளில் 12 விழுக்காடு, ஓர் அடுக்குமாடி புளோக்கின் வீடுகளில் 15 விழுக்காடு என வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எந்த அடிப்படையில் வரம்பு வைக்கிறது?

தெம்பனிஸ் வாசகர்:
எல்லாரையும் ஒரேமாதிரி நடத்த வேண்டும் என்று நம் நீதிமன்றங்கள் இப்பிரிவுக்குப் பொருள்கொள்ளவில்லை. ஒரு சட்டம் மக்களை வகைப்படுத்தினால், அந்த வகைப்பாடு தெளிவானதா, சட்டத்தின் நோக்கத்தோடு அதற்கு அறிவுக்கு ஒத்த தொடர்பு உண்டா என்ற இரு கேள்விகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் வந்த ஒரு தீர்ப்பிலும் எழுப்பியது. அதிகாரிகளின் நடவடிக்கை என்றால், ஒத்த நிலையில் உள்ளவர்கள் வேறுபடுத்தி நடத்தப்பட்டார்களா, அதற்கு நியாயமான காரணம் உண்டா என்று பார்க்கப்படும். மரண தண்டனையை நிறைவேற்றும் வரிசை தொடர்பான 2020ஆம் ஆண்டு வழக்கு இதற்கு எடுத்துக்காட்டு. வரம்பின் நோக்கம் ஓர் இனத்தாரை ஒதுக்குவதன்று, இனவாரியான குடியிருப்புகள் உருவாகாமல் தடுப்பதே என்பது அரசாங்கத்தின் நிலைப்பாடு. சிறுபான்மையினரின் நலனை இடைவிடாது பேணும் பொறுப்பை 152ஆம் பிரிவு அரசாங்கத்திடம் ஒப்படைத்திருப்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஆனாலும் 12ஆம் பிரிவு இனத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதால், நோக்கம் நல்லது என்பதோடு ஆய்வை முடித்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஈசூன் வாசகர்:
மேலே சொன்னவற்றில் சுமை யார் தலையில் விழுகிறது என்ற கேள்வி விடுபட்டுவிட்டது. சீனர்களுக்கான 87 விழுக்காட்டு வரம்பு நிறைந்துவிட்ட ஒரு புளோக்கை எடுத்துக்கொள்வோம். அங்கே சீன உரிமையாளர் தம் வீட்டை இன்னொரு சீனருக்கு விற்கலாம், ஏனெனில் விகிதம் மாறாது. அதே மாடியில் உள்ள தமிழர் சீனருக்கு விற்க முடியாது. சந்தையில் பெரும்பாலோராக இருக்கும் சீனர்கள் விலகிப்போவதால், அவர் நீண்ட நாள் காத்திருக்கவோ விலையைக் குறைக்கவோ நேரிடுகிறது. 2021இல் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் டெஸ்மண்ட் லீயும் நாடாளுமன்றத்தில் இந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டார். இப்படிச் சிக்கிய உரிமையாளர்களில் தகுதியுள்ளோரிடமிருந்து கழகமே வீட்டைத் திரும்ப வாங்கும் உதவி 2022இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னும் கழகத்திடம் மேல்முறையீடு செய்ய வழி இருந்தது என்றாலும், பொதுநலனுக்கான சுமையைச் சிறுபான்மையினர் தனியே சுமக்கும்போது, அதற்கான நிவாரணம் கொள்கையின் முதல் வரைவிலேயே இடம்பெற்றிருக்க வேண்டும்.

செங்காங் வாசகி:
இருவருக்கும் நன்றி. சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றம் இத்தகைய கொள்கைகளை ஆராய்வதில்லையா?

தெம்பனிஸ் வாசகர்:
நாடாளுமன்றம் நிறைவேற்றும் மசோதாக்களையும் துணைச் சட்டங்களையுமே, சில விலக்குகள் நீங்கலாக, அம்மன்றம் வழக்கமாக ஆராய்கிறது. நிர்வாகக் கொள்கை ஒன்று அரசாங்கமோ நாடாளுமன்றமோ அனுப்பினால்தான் அதன் பார்வைக்கு வரும். ஆகவே கொள்கையை எழுதும் அதிகாரியே பல நேரங்களில் 12ஆம் பிரிவுக்கு முதல் உரையாசிரியர் ஆகிறார். கலந்துரையாடலுக்கு வருவோரிடம், ஒரு விதி எந்தக் குடும்பத்தை எவ்வாறு பாதிக்கும் என்பதை அவ்வதிகாரி எழுத்தில் பதிவுசெய்ய வேண்டுமா, மேல்முறையீட்டை நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டுமா என்று கேளுங்கள். இரண்டும் வேண்டும் என்பதே என் விடை.