யார்டுக்கே வந்து லாரிகளைக் கழுவித் தருபவர்கள் தேவை

அனைவருக்கும் வணக்கம். மாதவரத்தில் உள்ள எங்கள் நிறுவனத்தின் 14 லாரிகளும் 6 டிரெய்லர்களும் எண்ணூர் துறைமுகத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே ஓடுகின்றன. ஒவ்வொரு வண்டியையும் வாட்டர் சர்வீஸுக்கு அனுப்பினால், வரிசையில் நிற்பதிலேயே ஓட்டுநரின் அரை நாள் போய்விடுகிறது என்பதால், ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் எங்கள் யார்டுக்கே பிரஷர் பம்புடன் வந்து கழுவித் தருபவர்களைத் தேடுகிறேன்.

எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. காய்ந்தபின் கண்ணாடியெல்லாம் வெள்ளைத் திட்டு. ஆகவே நல்ல தண்ணீரை அவர்களே டேங்கரில் கொண்டுவர வேண்டும். சென்ற மாதம் வந்த ஒருவர், பிஎஸ்6 (புதிய புகை மாசு விதிப்படி வந்த) வண்டிகளின் வயரிங் இணைப்புகள் மீதும் சென்சார்கள் மீதும் நேரடியாக அழுத்த நீரைப் பாய்ச்சியதில், மறுநாள் காலை இரண்டு வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. (குறைந்த விலைக்கு ஆசைப்பட்டது என் தவறுதான்.) சேஸிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) கழுவியபின் கிரீஸ் அடித்துத் தருவதும், எண்ணெய் கலந்த கழிவுநீர் மழைநீர் வடிகாலில் இறங்காமல் பிடித்து அகற்றுவதும் எனக்கு விலையைவிட முக்கியம்.

இத்தகைய சேவையைப் பயன்படுத்தியவர்கள், வண்டிக்கு என்ன கட்டணம், மாத ஒப்பந்தம் உண்டா, ஓர் இரவில் எத்தனை வண்டிகள் முடிக்கிறார்கள் என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.