புதுப்பிப்பு: டாப் 8 மட்டும் போதாது, வெற்றி விகிதமும் வேண்டும்

மேஜிக்: த கேதரிங் போன்ற கார்டு விளையாட்டுப் போட்டிகளில் எந்த டெக் (ஒருவர் ஆடுவதற்குத் தொகுத்து வரும் கார்டு கட்டு) டாப் 8-இல், அதாவது முதல் எட்டு இடங்களில், அதிகம் வருகிறது என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். "அதை எத்தனை பேர் ஆடினார்கள் என்று பார்க்க வேண்டாமா?" என்று சிலர் கேட்டீர்கள். கட்டாயம் பார்க்க வேண்டும்.

100 பேரில் 40 பேர் ஒரே டெக் ஆடினால், அதற்கு டாப் 8-இல் மூன்று இடம் கிடைப்பது சாதாரணம். ஐந்தே பேர் ஆடிய டெக் இரண்டு இடம் பிடித்தால்தான் செய்தி. மேஜிக்: த கேதரிங்கில், 2016 பிப்ரவரியில் நடந்த புரோ டூர் என்ற தொழில்முறைப் போட்டியின் டாப் 8-இல் ஆறு பேர் எல்ட்ராசி என்ற டெக் வகையை ஆடினார்கள். மொத்தப் போட்டியாளர்களில் அதை ஆடியவர்களோ சிறு பங்குதான். அந்தப் போட்டியின் ஆட்ட வகையான மாடர்னில், எல்ட்ராசி டெக்கின் முக்கிய கார்டான ஐ ஆஃப் உகினை ஏப்ரலிலேயே தடை செய்தார்கள். ஒன்று கவனியுங்கள்: புரோ டூரில் டிராஃப்ட் சுற்றுகளும் (அங்கேயே கார்டுகளைத் தேர்ந்தெடுத்து, டெக் கட்டி ஆடுவது) உண்டு. டிராஃப்டில் கலக்கிய ஒருவர் சுமாரான மாடர்ன் டெக்கோடும் மேலே வந்துவிடலாம்.

அதனால் நான் நம்புவது சுற்றுவாரி வெற்றி விகிதத்தை. மிரர் மேட்ச்களை (இருவரும் ஒரே வகை டெக் ஆடும் ஆட்டங்களை) முதலில் நீக்கிவிடுங்கள். அவை எப்போதும் 50 சதவீதம்தான், பிரபலமான டெக்கின் எண்ணை நடுவுக்கு இழுத்துவிடும். அப்புறம் ஆட்ட எண்ணிக்கை. 50 ஆட்டத்தில் 60 சதவீதம் என்றால், உண்மை மதிப்பு ஏறத்தாழ 46 முதல் 73 வரை எங்கும் இருக்கலாம். 1000 ஆட்டம் என்றால் 57 முதல் 63. இந்த இடைவெளியைச் சொல்லாத பட்டியலை வைத்து டெக் வாங்காதீர்கள்.

திறமையான ஆட்டக்காரர்கள் ஒரே டெக்கில் குவிவதை எப்படிப் பிரிப்பது? அதற்கு, ஒரே ஆள் வெவ்வேறு டெக்குகளில் ஆடிய முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.